பதினொரு காலிக் கவர்கள்

அவருடைய சட்டைகளில் பாக்கெட் கிடையாது. மொத்தம் ஆறு சட்டைகள். ஆறிலும் இடது மார்பில் ஒரு சதுரம் மட்டும் வெளிறாமல் இருக்கும். பாக்கெட் இருந்த இடம். அவருடைய மனைவி வீட்டிலேயே துணி திருத்தித் தைத்துக் கொடுப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, துணி இழுபடாமல் ஒவ்வொரு தையலாகப் பிரித்தெடுத்தது அவர்தான்.

“பாக்கெட் இல்லேன்னா திருட மாட்டாங்கன்னு யாரு சொன்னது?” என்று அன்றைக்கு மனைவி கேட்டார்.

“திருடினியான்னு கேக்கும்போது திருப்பிக் காட்ட வேண்டியதில்ல பாரு. அதுக்குத்தான்.”

அதற்கு முன் பதினான்கு வருடம் அவர் ஒரு கூரியர் அலுவலகத்தில் ஊர்வாரியாகத் தபால் பிரித்தார். ஒரு நாள் கைக்கடிகாரம் வைத்த பார்சல் ஒன்று காணாமல் போனது. கடைசியாக அதைத் தொட்டவர் அவர் என்று பதிவேடு சொன்னது. பாக்கெட்டைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள். காட்டினார்; ஒரு பேனாவும் பழைய பஸ் டிக்கெட்டும் இருந்தன. ஆனாலும் வேலை போயிற்று. நான்கு மாதம் கழித்து, வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தியபோது பார்சல் சுவரோரமாகக் கிடைத்தது. மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, “உங்களுக்கு ஒரு நல்ல சேதி” என்றார். சேதி அவ்வளவுதான். திரும்ப வேலைக்கு வரச் சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியில்தான் மனைவி கத்தரிக்கோலை எடுத்தார்.

பிறகு ஒரு கல்லூரியின் பொருளாதாரத் துறையில் உதவியாளர் வேலை கிடைத்தது. பதினோரு மாத ஒப்பந்தம். முடிகிறபோது பேராசிரியர் கையெழுத்துப் போட்டால் இன்னொரு பதினோரு மாதம். பேராசிரியரை எல்லோரும் மேடம் என்றே கூப்பிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவரை மனிதர்கள் எவ்வளவு தூரம் நம்புகிறார்கள், வளர்ந்த விதமும் செய்கிற தொழிலும் அந்த நம்பிக்கையை எப்படி மாற்றுகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஏடுகளைப் படித்து அல்ல, ஆட்களைக் கூட்டி உட்காரவைத்து ஒரு விளையாட்டு விளையாடச் சொல்லி அதைக் கண்டுபிடிப்பார்.

விளையாட்டு எளிமையானது. முதல் அறையில் பன்னிரண்டு பேர், இரண்டாம் அறையில் பன்னிரண்டு பேர். ஒரு அறையில் இருப்பவர்களுக்கு அடுத்த அறையில் யார் என்று தெரியாது. முதல் அறையில் ஒவ்வொருவருக்கும் பத்து நோட்டு கொடுக்கப்படும். அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்; அல்லது கொஞ்சத்தைக் கவரில் போட்டு அடுத்த அறையில் இருக்கும் தன் ஜோடிக்கு அனுப்பலாம். வழியில் ஒரு மேசையில் மேடம் உட்கார்ந்திருப்பார். அனுப்பிய பணத்தை அவர் மூன்று மடங்காக்கிக் கவரில் வைப்பார். வாங்கிக்கொண்டவர் முழுவதையும் தானே வைத்துக்கொள்ளலாம்; மனமிருந்தால் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பலாம். கட்டாயம் எதுவும் இல்லை. கவரில் பெயர் இருக்காது, இருக்கை எண் மட்டும்தான்.

இரண்டு அறைகளுக்கும் நடுவே அந்தக் கவர்களைச் சுமந்தவர் இவர். அதனால் கவர்காரர் என்ற பெயரும் வந்தது. தாழ்வாரம் முப்பத்திரண்டு அடி நடை. கவர்களை இரண்டு கையாலும் மார்புயரத்தில் ஏந்திக்கொண்டு நடப்பார். நடுவில் நிற்க மாட்டார், மூக்கு அரித்தாலும் சொறிய மாட்டார். எந்த எண்ணுக்கு உரியவர் யார் என்பது அவருக்குத் தெரியும், ஏனென்றால் உட்காரவைப்பதே அவர்தான். யாரிடமும் அதைச் சொல்வதில்லை என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். எட்டு வருடத்தில் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

மாணவர்கள் விளையாடினார்கள், நர்சுகள் விளையாடினார்கள், பஸ் ஓட்டுநர்கள் விளையாடினார்கள். சிலர் தாராளம், சிலர் கை இறுக்கம். ஆனால் எந்தக் கூட்டமாக இருந்தாலும் திரும்பி வருகிற கவர்களில் பாதிக்கு மேல் ஏதாவது இருக்கும்.

அந்த வியாழக்கிழமை முதல் அறையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் எழுத்தர்கள். இரண்டாம் அறையில் பக்கத்துத் தெருக் கிடங்கில் மூட்டை சுமக்கிற பன்னிரண்டு பேர். அவர்களில் மூத்தவருக்குக் கொக்கி என்று பெயர். மூட்டையை இழுக்கிற இரும்புக் கொக்கி எப்போதும் அவர் தோளில் தொங்கும். கவர்காரர் அதை வாங்கி வாசலில் வைத்தபோது, “பத்திரம் அண்ணே, அது என் பொண்டாட்டிக்கு மூத்தது” என்றார்.

கவர்கள் போயின. எழுத்தர்கள் தாராளமாகத்தான் அனுப்பியிருந்தார்கள். ஆறு, ஏழு, எட்டு என்று. நான்காம் எண் எழுத்தர் எட்டு நோட்டு அனுப்பினார். மூன்று மடங்காகி இருபத்து நான்காக அது கொக்கியின் கைக்கு வந்தது. கொக்கி எண்ணிப் பார்த்துவிட்டுக் கவர்காரரைக் கூப்பிட்டார்.

“அண்ணே, இத அனுப்புனவரு யாரு?”

“சொல்லக் கூடாதுங்க.”

“சரி. நான் திருப்பி அனுப்பினா அவருக்குப் போய்ச் சேந்துச்சுன்னு எனக்கு யாரு சொல்லுவா?”

“யாரும் சொல்ல மாட்டாங்க. கவர்ல போட்டு ஒட்டிக் குடுத்தா போதும்.”

“போதுமா?” என்று கொக்கி பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். பேசக் கூடாது என்பது விதி. அவர்கள் பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள். பன்னிரண்டு கவர்களையும் ஒட்டிக் கொடுத்துவிட்டு, முன்படிக்கட்டு வழியாக இறங்கிப் போனார்கள்.

மேசையில் மேடம் கவர்களைப் பிரித்தார். ஒன்று காலி. இரண்டு காலி. ஐந்தாவதைப் பிரித்துவிட்டு உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். பதினோராம் எண்ணில் ஆறு நோட்டு இருந்தது. மற்ற பதினொன்றிலும் ஒன்றுமில்லை.

முறைப்படி அந்தக் கவர்களை மறுபடி ஒட்டி எழுத்தர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தவரும் கவர்காரர்தான். நான்காம் எண் எழுத்தர் கவரைக் கிழித்தார், தலைகீழாக உதறினார், ஊதிப் பார்த்தார். பிறகு கவர்காரரின் முகத்தை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். இரண்டு கூட்டமும் சந்திக்கக் கூடாது என்பதால் எழுத்தர்களைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டு அவர் மேசைக்குத் திரும்பினார்.

மேடம் எழுந்து நின்றிருந்தார்.

“தப்பா நினைக்காதீங்க. பதினொண்ணு காலின்னா நான் கேட்டுத்தான் ஆகணும். தாழ்வாரத்து அலமாரிச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?”

“ஆமாங்க மேடம்.”

“நான் பாக்கலாமா?”

“பாருங்க மேடம்.”

அலமாரியில் பழைய விடைத்தாள் கட்டுகள் இருந்தன. மேடம் ஒவ்வொன்றாக இறக்கினார். அடித்தட்டில் கவர்காரரின் மழைக்கோட்டும் சாப்பாட்டு டப்பாவும் இருந்தன. கோட்டை உதறினார். கொஞ்சம் தயங்கி டப்பாவையும் திறந்தார். கழுவிக் கவிழ்த்த ஈரம் மட்டும் இருந்தது. அவர் மூடியைச் சரியாகப் போடவில்லை. கவர்காரர் வாங்கி அழுத்தி மூடினார். மேடத்தின் மேசையில் அடுத்த பதினோரு மாதத்துக்கான கடிதம் கையெழுத்தில்லாமல் கிடந்ததை அவர் காலையிலேயே பார்த்திருந்தார். இப்போது அதைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜன்னலுக்குக் கீழே முன்வாசலில் ஏதோ தகராறு. காவலாளியின் குரல் கேட்டது. “கூலி வாங்கியாச்சுல்ல? கிளம்புங்கப்பா!”

அவர் எட்டிப் பார்த்தார். மூட்டை சுமப்பவர்கள் போகவில்லை. வாசலின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் வலது கையும் மூடியிருந்தது. உள்ளேயிருந்து வெளியே போன கல்லூரி ஊழியர் ஒருவரைக் கொக்கி வழிமறித்து, “சார், நீங்க எட்டு அனுப்புனீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கவர்காரர் படியிறங்கி ஓடினார். இத்தனை வருடத்தில் அவர் அங்கே ஓடியதை யாரும் பார்த்ததில்லை.

“ஏன் நிக்கறீங்க?”

“நல்லா கேட்டீங்க! எங்க ஆளுங்க இன்னும் வரலையே. என் ஆளு எட்டு அனுப்பியிருக்காரு. இவன் ஆளு ஏழு. பங்கைக் குடுக்காம எப்படிப் போறது?” கொக்கி கையை விரித்தார். உள்ளே பதின்மூன்று நோட்டு, வியர்வையில் நனைந்து.

“அதக் கவர்லதானே போடச் சொன்னோம்?”

“கவர்லயா!” என்று இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

எண்ணும் ஆளும் கவர்காரரின் நாக்கு நுனியில் இருந்தன. காப்பீட்டு அலுவலகம் மூன்று தெரு தள்ளி. போய்ப் பாருங்கள் என்று சொன்னால் போதும். பணமும் போய்ச் சேரும், அவர் பெயரும் மீளும். எழுத்தர்கள் கிளம்பி இன்னும் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“மேல வாங்க. மேடம்கிட்ட இதையே சொல்லுங்க” என்றார்.

“நாங்க மேல வர்ற நேரத்துல எங்க ஆளு கீழ போயிட்டாருன்னா?”

நியாயம்தான். அவர் மறுபடி மாடிக்கு ஓடினார். மூச்சு வாங்கியதில் ஒரு வாக்கியம்தான் வந்தது. “மேடம், பணம் வாசல்ல நிக்குது.”

மேடம் இறங்கி வந்தார். கேட்டதையே மறுபடி கேட்டார். கொக்கி விளக்க முயன்று, வார்த்தை சரிப்படாமல், மேடத்தின் தோளில் இருந்த கனத்த புத்தகப் பையைக் காட்டினார்.

“அதக் குடுங்கம்மா. ம். இப்ப நான் திருப்பித் தரேன், பிடிங்க.”

மேடம் பிடித்தார். கொக்கி விடவில்லை. மேடம் இழுத்தார். அப்போதும் விடவில்லை.

“விடுங்களேன்.”

“நீங்க ‘வந்துச்சு’ன்னு சொல்லணும். அப்பதான் விடுவேன்.”

“வந்துச்சு.”

கொக்கி கையை எடுத்தார். “அவ்வளவுதான். தோள்லேர்ந்து தோளுக்கு நூறு கிலோ மாறும்போது, வாங்கறவன் ‘வந்துச்சு’ன்னு வாயால சொல்லாம நாங்க கையை எடுக்க மாட்டோம். எடுத்தா ஒருத்தன் கால் போயிடும். மூட்டையானாலும் சரி, காசானாலும் சரி, எங்களுக்கு ஒரே பழக்கம். கவர்ல போட்டு ஒட்டி, ஆளே தெரியாதவருக்கு, அவரு ‘வந்துச்சு’ன்னு சொல்லவும் வழியில்லாம... அது அந்தரத்துல மூட்டையை விடற மாதிரிம்மா.”

“அப்ப பதினோராம் நம்பர் மட்டும் கவர்ல போட்டாரே?”

எல்லோரும் வரிசைக் கடைசியில் நின்ற ஒருவரைப் பார்த்தார்கள். “அவன் வேலைக்கு வந்து ஒரு மாசம்தான் ஆகுது. இன்னும் மூட்டையைக் கீழ போட்டுட்டுத்தான் இருக்கான்” என்றார் ஒருவர்.

மேடம் ஒவ்வொரு கையாக எண்ணினார். பாதிக்குப் பாதி, ஒற்றை விழுந்தால் அது அனுப்பியவருக்கு. கொக்கி மட்டும் பாதிக்கு மேல் ஒன்று வைத்திருந்தார். மொத்தம் நூற்று இருபத்தொன்று. இதுவரை எந்தக் கூட்டமும் இவ்வளவு திருப்பிக் கொடுத்ததில்லை.

“இதை எங்க கவர்காரர்கிட்ட குடுங்க, அவர் சேத்துடுவார்” என்றார் மேடம்.

கொக்கி கவர்காரரை ஏற இறங்கப் பார்த்தார். “நல்ல மனுஷன்தாம்மா, பாத்தாலே தெரியுது. ஆனா அவரு ‘வந்துச்சு’ன்னு சொன்னா, அவருக்கு வந்ததா ஆயிடும்.”

ஆளைக் காட்ட விதி இடம் கொடுக்கவில்லை. மூட்டை சுமப்பவர்கள் இன்னும் அரை மணி நேரம் நின்றுவிட்டு, கிடங்கில் லாரி வந்துவிட்டது என்று சொல்லியனுப்பப்பட்ட பிறகு, கை மூடியபடியே போனார்கள்.

மாடியில் மேடம் பதிவேட்டைத் திறந்து பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

“சைபர்னே எழுதுங்க மேடம்” என்றார் கவர்காரர். “கவர்ல ஒண்ணும் இல்லைங்கறது நிஜம்தானே. அடியில ஏன்னு எழுதிடுங்க.”

மேடம் எழுதினார். பிறகு, “டப்பாவைத் திறந்தது தப்பு” என்றார். கடிதத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை மடித்து வைக்கப் பாக்கெட் இல்லாததால் கவர்காரர் கையிலேயே பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வேலை தப்பியது. பெயர் தப்பவில்லை. கல்லூரிக்கும் கிடங்குக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் நடுவில் ஒரே ஒரு டீக்கடை. சாயங்காலம் நாலரைக்கு மூன்று இடத்து ஆட்களும் அங்கேதான். மறுநாளே, கொக்கியும் ஆட்களும் வந்து சேருமுன், நான்காம் எண் எழுத்தர் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“என்ன அண்ணே, எங்க பங்கு நல்லா ஜீரணம் ஆச்சா?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கவர்காரர் டீயை ஊதினார். எழுத்தருக்கு அப்போது அது பாதி வேடிக்கைதான். ஆனால் அவர்கள் பதினொரு பேரும் தங்களுக்குள் பேசிப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் ஏமாற்றலாம், இரண்டு பேர் ஏமாற்றலாம். பதினொரு பேர் ஒன்றாக எப்படி? நடுவில் போய்வந்தவர் ஒரே ஆள்தான். ஒரு வாரத்தில் வேடிக்கை குறைந்து பேச்சு மிஞ்சியது. அந்த அலுவலகத்துக் குடும்பங்களில் இருந்து மனைவிக்கு வந்துகொண்டிருந்த தையல் வேலை நின்றது. ஒரு வீட்டுக்காரர், பாதி தைத்த பாவாடையைக்கூட ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார்.

இன்னொரு பக்கம் கொக்கி. அதே டீக்கடையில், எதிர்ப் பெஞ்சில். பதின்மூன்று நோட்டையும் ஒரு துணியில் முடிந்து இடுப்பில் வைத்திருந்தார். பார்க்கிறபோதெல்லாம் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

“அண்ணே, என் ஆளு கெடைச்சாரா?”

“சொல்லக் கூடாதுங்க.”

“உசுரோடவாவது இருக்காரா? அதச் சொல்லலாமில்ல?”

அவருடைய ஆள் அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சர்க்கரை குறைவாகப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடத்திடம் கவர்காரர் கேட்டார். ஆராய்ச்சி முடியும்வரை முதல் அறைக்காரர்களிடம் எதையும் சொல்லக் கூடாது, மூன்று மாதம் ஆகும் என்றார் மேடம். மூன்று மாதமும் அவர் ஒரு நாள் விடாமல் டீக்கடைக்குப் போனார். போகாமல் இருந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் சொல்வார்கள்.

“ஒரு வார்த்தை சொன்னா என்னங்க குறைஞ்சிடும்?” என்றார் மனைவி. “அவரு இங்க, இவரு அங்க. கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து நிறுத்தினா முடிஞ்சது. உங்க வாய்க்கு யாரு தையல் போட்டா? நான் போடலையே.”

“அத வெச்சுத்தான் என்னை வேலைக்கு வெச்சிருக்காங்க.”

“அதனாலதான் நமக்குத் தையல் வேலையே இல்ல.”

மனைவி சொன்னதில் தப்பில்லை.

மூன்று மாதம் முடிந்த அன்று காலை மேடத்தின் மேசைக்கு முன்னால் அவர் நின்றிருந்தார். எழுத்தர்களுக்கு அனுப்புவதற்கு மேடம் ஒரு கடிதம் எழுதியிருந்தார். ‘கைமாற்ற நடைமுறை குறித்த பண்பாட்டு எதிர்பார்ப்புகளின் வேறுபாட்டினால் ஏற்பட்ட முடிவு’ என்று அது தொடங்கியது. கவர்காரர் இரண்டு தடவை படித்தார்.

“இதப் படிச்சா நான் எடுக்கலேன்னு தெரியுமா மேடம்?”

மேடம் தாளைத் திரும்ப வாங்கிப் படித்துப் பார்த்தார். அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தார். இந்தத் தடவை நடந்தது நடந்தபடி வந்தது. எதிர் அறையில் இருந்தவர்கள் பங்கைக் கவரில் போடவில்லை. கையில் கொடுக்க வாசலில் காத்திருந்தார்கள். வாங்குகிறவர் ‘வந்துச்சு’ என்று சொல்லாமல் எதையும் கைவிடுவது அவர்கள் வழக்கம் இல்லை. கையில் இருந்ததை நானே எண்ணினேன், பாதிக்குக் குறையவில்லை. நீங்கள் வேறு வாசல் வழியாக அனுப்பப்பட்டீர்கள். கவர்களைச் சுமந்தவர் மேல் குற்றம் இல்லை.

“கடைசி வரிய முதல்ல போடலாமா?” என்றார் கவர்காரர்.

மேடம் முதலில் போட்டார்.

பதினொரு கவர்கள். அவரே ஒட்டினார், அவரே எடுத்துப் போனார், மூன்று தெருவும் மார்புயரத்தில் ஏந்திக்கொண்டு. காப்பீட்டு அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையாகக் கொடுத்துவிட்டு நான்காம் எண் எழுத்தரிடம் வந்து நின்றார். எழுத்தர் கவரை வாங்கி முதலில் எடை பார்ப்பதுபோல ஆட்டினார்.

“இதுலயாவது ஏதாவது இருக்கா?”

“படிச்சுப் பாருங்க.”

எழுத்தர் படித்தார். முதல் வரியில் நின்று, பிறகு மேற்கொண்டு படித்தார். மற்ற மேசைகளிலும் படித்துக்கொண்டிருந்தார்கள். முடித்துவிட்டு அவர் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

“யாரு அண்ணே அந்த ஆளு?”

“சொல்லக் கூடாதுங்க.”

“எவ்வளவு வெச்சிருந்தாரு எனக்கு?”

“அதுவும்தான்.”

எழுத்தர் கொஞ்ச நேரம் அந்தச் சட்டையின் வெளிறாத சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்து மேசைகளுக்கும் கேட்கிற மாதிரி, “சரி அண்ணே, வந்துச்சு. எனக்கு வந்ததாவே வெச்சுக்குங்க” என்றார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, “வீட்ல ஒரு திரைச்சீலை ரொம்ப நாளா நீளமாக் கெடக்கு. நாளைக்குக் குடுத்து அனுப்பறேன்” என்றும் சொன்னார்.

நாலரைக்கு டீக்கடையில் கொக்கி வழக்கம்போலத் துணி முடிச்சைத் தொட்டுக் காட்டினார்.

“உங்க ஆளு ‘வந்துச்சு’ன்னு சொல்லிட்டாருங்க” என்றார் கவர்காரர். “இவ்வளவுதான் நான் சொல்லலாம்.”

கொக்கி கிளாசைக் கீழே வைத்தார்.

“எப்படிச் சொன்னாரு? மூட்டை இன்னும் என் இடுப்புலதானே இருக்கு?”

“வாங்காமலேதான் சொன்னாரு.”

கொக்கி முடிச்சை அவிழ்த்து நோட்டுகளை எண்ணினார். பதின்மூன்றும் இருந்தன. மறுபடி முடிந்தார்.

“முப்பது வருஷமா சுமக்கறேன்” என்றார். “கைக்கு வராத சுமைய ‘வந்துச்சு’ன்னு சொன்ன ஆளை இப்பத்தான் கேள்விப்படறேன். என்னை எந்தத் தைரியத்துல நம்பினாரு அந்த மனுஷன்?”